அழுத்திப் பிடிக்க வேண்டாத ஓஸ் முனை: வடிவமைப்புக்கு யோசனைகள் தேவை

செங்கோட்டை நாற்றங்கால் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து புளியரை செல்லும் சாலையில் எங்கள் நாற்றங்கால் இருக்கிறது. பலா, சாதிக்காய், கிராம்பு, மிளகுக்கொடி, தென்னங்கன்று ஆகியவற்றைப் பைகளில் வளர்த்து விற்கிறோம். வாங்க வருபவர்களில் பாதிப் பேர் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். காலையில் இரண்டரை மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் பெண்கள் ஆறு பேர் ஓஸைப் பிடித்துத் தண்ணீர் விடுகிறார்கள்.

அவர்களில் மூத்தவருக்கு வயது 57. எங்களிடம் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. துப்பாக்கி வடிவ ஸ்பிரே கன் வாங்கிக் கொடுத்த பிறகும் அவர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஓஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் தண்ணீர் பாய்ச்சுவார். தண்ணீர் வேகமாக விழுந்து பையிலுள்ள மண்ணைத் தோண்டிவிடுகிறதே என்று நான் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். சென்ற மாதம் ஒருநாள் அவர் வலது கையை என்னிடம் நீட்டி, காலையில் எழுந்தால் விரல்களை இடது கையால்தான் பிரித்துவிட வேண்டியிருக்கிறது என்று சொன்னார். இத்தனை நாள் கேட்காமல் கடிந்துகொண்டது என் தவறு.

அன்று மாலையே பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்து, ஸ்பிரே கன்னின் விசை (விரல்களால் அழுத்தும் நெம்புகோல்) நுனியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். மோட்டார் ஓடும்போது (அழுத்தமானி 3 கிலோ காட்டியது) விசையைத் திறக்க 3.7 கிலோ தேவைப்பட்டது. மோட்டாரை நிறுத்தி, 6 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டித் தண்ணீரில் மட்டும் பார்த்தபோது 2.4 கிலோ. திறந்த பிறகு அப்படியே பிடித்திருக்க இரண்டு நிலையிலும் ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. நாள்தோறும் நான்கரை மணி நேரம், ஒவ்வொரு பைக்கும் இடையில் விட்டுவிட்டு, இரண்டேகால் கிலோ எடையை விரல் நுனிகளில் தாங்குவதற்கு இது சமம்.

விசையைப் பூட்டிவைக்கும் கொக்கி அதில் இருக்கிறது. ஆனால் அதை மாட்டுவதற்கு விசையை முழுவதும் அழுத்திக்கொண்டே இன்னொரு விரலால் கொக்கியைத் தள்ள வேண்டும். விடுவிக்க மீண்டும் முழுவதும் அழுத்த வேண்டும். வரிசைக்கு வரிசை நிறுத்தித் திறக்கும் வேலைக்கு அது உதவாது.

கடையில் கிடைக்கும் நான்கு வகைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. எனவே நாமே ஒன்றை வடிவமைத்து லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். இத்துறை தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

நாகர்கோவில் மாடித்தோட்டம்

அண்ணாச்சி, நான் ஸ்பிரே கன்னை விட்டுவிட்டு, அரை அங்குலப் பித்தளை பால் வால்வை (உள்ளே துளையிட்ட பந்து திரும்பித் திறந்து மூடும் வகை) ஓஸின் முனையில் மாட்டி, அதன் முன்னால் பூவாளித் தலையைத் திருகிவைத்திருக்கிறேன். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் திறக்கும், விட்ட இடத்தில் நிற்கும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். எட்டே மாதத்தில் பந்தின் மேல் வெள்ளைப் படிவு ஏறி, திருப்புவதற்கு இரண்டு கையும் தேவைப்படும் அளவுக்கு இறுகிவிட்டது. மாடியில் நாற்பது தொட்டிகள் வைத்திருக்கும் எனக்கு அது பெரிய தொல்லை இல்லை. ஒரு கையால் பையை நகர்த்திக்கொண்டு மறு கையால் தண்ணீர் விடுபவர்களுக்கு ஒத்துவருமா என்பது ஐயம்தான்.

---

குழாய்க்கணக்கு (தென்காசி, பாலிடெக்னிக்கில் திரவ இயக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்)

நண்பர் தராசு வைத்து அளந்தது மிகச் சரியான தொடக்கம். அந்த மூன்று எண்களே சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன.

ஸ்பிரே கன்னுக்குள் ஒரு தண்டும், அதன் நுனியில் ரப்பர் வைத்த அடைப்பானும், பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். நீங்கள் வாங்கியது நான் பிரித்துப் பார்த்த வகையாக இருந்தால், தண்ணீரின் அழுத்தமும் அடைப்பானை அதன் இருக்கையோடு, அதாவது அது அமர்ந்து மூடும் வாயோடு, சேர்த்தே அழுத்துகிறது. இருக்கையின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தத்தில் அடைப்பானின் மேல் 3.4 கிலோ விழும். 6 மீட்டர் உயரத் தொட்டி தருவது 0.6 கிலோ அழுத்தம்தான் என்பதால் அங்கே 0.7 கிலோவுக்கும் குறைவாகவே விழும். இரண்டுக்கும் வேறுபாடு 2.7 கிலோ. நெம்புகோல் அதைப் பாதியாக்குகிறது என்று கொண்டால் விரலுக்கு வருவது 1.35 கிலோ. உங்கள் தராசு காட்டிய வேறுபாடு 1.3 கிலோ. கணக்கு பொருந்துகிறது.

மீதமிருக்கும் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட சுமை முழுவதும் ஸ்பிரிங்குடையது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அடைப்பானின் இருபுறமும் அழுத்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிடுகிறது. அதனால்தான் பிடித்திருக்கும் சுமை மோட்டாரிலும் தொட்டியிலும் ஒன்றாக இருக்கிறது. அதாவது, ஸ்பிரே கன்னைப் பிடிப்பவர் நான்கரை மணி நேரமும் தண்ணீரோடு போராடவில்லை, ஒரு ஸ்பிரிங்கோடு போராடிக்கொண்டிருக்கிறார். கையை விட்டால் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஸ்பிரிங் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிபந்தனையைக் கைவிட முடியுமானால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்கிறது.

இரண்டாவது செய்தி முனையைப் பற்றியது அன்று, ஆனால் முனையை அது நேரடியாகப் பாதிக்கிறது. உங்கள் ஓஸ் எத்தனை அங்குலம், எவ்வளவு நீளம்? அரை அங்குல ஓஸில் 30 மீட்டர் தொலைவுக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் கொண்டுசெல்ல, உராய்வில் மட்டும் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத் தொட்டி தரும் அளவு அழுத்தம் இழக்கப்படும். முக்கால் அங்குல ஓஸில் அதே அளவு தண்ணீருக்கு இழப்பு இரண்டு மீட்டருக்கும் குறைவு. விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் இந்த இழப்பு மாறுவதால்தான் இவ்வளவு பெரிய வேறுபாடு. 6 மீட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு அரை அங்குல ஓஸில் எந்த முனையை மாட்டினாலும் தண்ணீர் சோர்ந்துதான் வரும். உடனே நாம் மோட்டாரைப் போடுகிறோம், மோட்டாரைப் போட்டதும் விசை கனக்கிறது.

கடையில் கிடைக்கும் முனைகள் பெரும்பாலும் தெருக்குழாயிலேயே நல்ல அழுத்தம் கிடைக்கும் ஊர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. நம் வீடுகளின் தொட்டித் தண்ணீருக்கு, உள்வழி அகலமாகவும் திருப்பங்கள் குறைவாகவும் உள்ள முனை வேண்டும்.

---

செங்கோட்டை நாற்றங்கால்

ஐயா, அரை அங்குலம், 40 மீட்டர். பத்து லிட்டர் வாளி நிரம்ப 75 விநாடி ஆகிறது. இதற்கு ஸ்பிரே கன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஓர் ஐயம். முக்கால் அங்குல ஓஸ் கனமாக இருக்குமே. அதை இழுத்துக்கொண்டு நடப்பவரின் கைக்கு அது வேறு சுமை ஆகாதா?

---

குழாய்க்கணக்கு

நல்ல கேள்வி. அரை அங்குல ஓஸுக்குள் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 125 கிராம் தண்ணீர் இருக்கும். முக்கால் அங்குலத்தில் 280 கிராமுக்கு மேல். ஓஸின் எடை அதன்மேல். தண்ணீர் பீய்ச்சும்போது கையைப் பின்னால் தள்ளும் உந்தலோ, இந்த அளவு ஓட்டத்தில் 250 கிராம்தான். ஆகவே கை தாங்கும் எடை பெரும்பாலும் தொங்கும் ஓஸினுடையது.

தரையில் கிடக்கும் பகுதி முழுவதையும் முக்கால் அங்குலமாக வைத்துக்கொண்டு, கையில் தொங்கும் கடைசி இரண்டு மீட்டருக்கு மட்டும் மெல்லிய அரை அங்குல ஓஸைச் சேருங்கள். அந்த இரண்டு மீட்டரில் இழப்பு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். இணைப்பு தரையில் கிடக்கட்டும்.

---

கொழிஞ்சாம்பாறை பட்டறை

வணக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தெளிப்பான் பம்புகளும் மருந்தடிக்கும் கருவிகளும் பழுது பார்ப்பதே பெரும்பாலான வேலை. ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்கு இரண்டு வழிகள் தோன்றின.

முதல் வழி, ஓஸை நெரிப்பது. முனைக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு மெத்தென்ற சிலிக்கான் குழாயைப் போட்டு, அதன்மேல் ஒரு கேமை (ஒரு பக்கம் புடைத்த உருளை) வைத்துத் திருப்பினால் குழாய் நெரிந்து அடைபடும். தண்ணீரைத் தொடும் இடத்தில் வாஷரோ ஸ்பிரிங்கோ இல்லாததால் உப்புப் படிந்தாலும் இறுகாது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஓஸை மடித்துப் பிடித்துத் தண்ணீரை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு கருவியாக்குவதுதான். குறை என்னவென்றால், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடியும் குழாய் விரைவில் வெடிக்கும். மாற்றுவது எளிது, ஆனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, கட்டைவிரலால் முன்னும் பின்னும் தள்ளும் சிறு பொத்தான். உள்ளே ஒரு தண்டில் இரண்டு ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு, தண்ணீரின் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி செய்துவிட்டால், 3 கிலோ அழுத்தத்திலும் ஓ ரிங்கின் உராய்வை மட்டும் வென்றால் போதும். ஸ்பிரிங் தேவையில்லை, விட்ட இடத்தில் நிற்கும். இப்போது வரும் சில ஸ்பிரே கன்களில் இதுபோன்ற கட்டைவிரல் பொத்தான் இருக்கிறது. எனக்கு இதுவே மேலானதாகப் படுகிறது.

---

பாலக்காடு இயன்முறை

நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். கட்டைவிரல் பொத்தானை முடிவு செய்யும் முன் ஒரு வேண்டுகோள்.

ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கட்டைவிரலின் அடிமூட்டு, அதாவது மணிக்கட்டை ஒட்டியுள்ள மூட்டு, தேய்வது மிகவும் பரவலானது. ஈர மாவுப் பாத்திரத்தைத் தூக்குவது, துணி பிழிவது, பூட்டுத் திறப்பது எல்லாமே அந்த மூட்டில்தான் விழுகின்றன. நான்கு விரல்களின் சுமையை எடுத்துக் கட்டைவிரலில் வைத்தால், வலி இடம் மாறுமே தவிர நீங்காது. கையில் எந்த ஒரு விரலையும் தனியாக நம்பாத வடிவமே பொருத்தமானது: உள்ளங்கை முழுவதும், அல்லது முன்கை, அல்லது இடுப்பில் இடித்தாலும் இயங்கக்கூடியதாக இருக்கட்டும்.

அடுத்தது மணிக்கட்டு. துப்பாக்கிப் பிடி, நேராக எதிரே பீய்ச்சுவதற்கு ஏற்றது. வண்டி கழுவ அது சரி. தரையில் இருக்கும் பைக்குத் தண்ணீர் விடும்போது முனை கீழ்நோக்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டு வளைந்தே இருக்கும். வளைந்த மணிக்கட்டில் பிடிக்கும் வலு குறையும், விரல் தசைநாண்கள் உராய்வதும் கூடும். நேரான கோல்போன்ற பிடி, முன்னால் ஒரு முழம் நீண்ட குழாய், அதன் நுனியில் மட்டும் சற்றே வளைவு என்று அமைத்தால் மணிக்கட்டும் நேராக இருக்கும், முதுகும் குனிய வேண்டியதில்லை.

பிடியின் தடிமன் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். மெலிந்த பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் அதிக வலு தேவைப்படும். ஈரக் கைக்கு இன்னும் அதிகம்.

1990இல் ஆக்ஸோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தடித்த ரப்பர்ப் பிடி போட்ட காய்த்தோல் சீவி, அதைத் தொடங்கிய சாம் ஃபார்பரின் மனைவிக்கு மூட்டுவலி இருந்ததிலிருந்து பிறந்தது. அவருக்காக நினைத்த பிடியை வலியே இல்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள். உங்கள் நாற்றங்காலின் மற்ற ஐந்து பெண்களுக்கும் இந்த முனை அப்படியே பயன்படும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அந்த அம்மாளை ஒருமுறை மருத்துவரிடம் காட்டவும் தவறாதீர்கள். கருவி மாறினால் மட்டும் போதாத நிலையாகவும் இருக்கலாம்.

---

கம்பம் திராட்சை

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதிலாகச் சொட்டுநீர்க் குழாயோ சிறு தெளிப்பான்களோ போட்டுவிடலாமே. எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கையால் தண்ணீர் விடுவதே இல்லை.

---

செங்கோட்டை நாற்றங்கால்

தாய்ச்செடிகளுக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறோம் அண்ணாச்சி. விற்பனைப் பைகள் நாள்தோறும் இடம் மாறுகின்றன. சாதிக்காய்க்கு வேண்டிய ஈரம் கிராம்புக்கு ஆகாது. நேற்று ஒட்டுக் கட்டிய பலாவின் ஒட்டில் தண்ணீர் படவே கூடாது. தெளிப்பான் எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துவிடும். பையைக் கையால் தொட்டு எடை பார்த்துத் தண்ணீர் விடும் அந்த அம்மாளின் கணிப்புக்கு மாற்று எனக்குத் தெரியவில்லை.

இயன்முறை மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. வியாழக்கிழமை அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். இந்த வாரம் அவருக்குத் தண்ணீர் விடும் வேலை இல்லை, ஒட்டுக்கன்றுகளைத் தரம் பிரிக்கும் வேலை.

---

கொழிஞ்சாம்பாறை பட்டறை

கட்டைவிரலைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் பட்டறையில் கம்ப்ரஸர் காற்றுக்குழாயில் இருக்கும் ஸ்லைடு வால்வை இரவு பார்த்துக்கொண்டிருந்தபோது வேறு வழி புலப்பட்டது. குழாயின் மேல் ஓர் உறை இருக்கும். உறையை முன்னே தள்ளினால் காற்று வரும், பின்னே இழுத்தால் நிற்கும். எண்ணெய்க் கையாலும் உறை முழுவதையும் பிடித்துத் தள்ளலாம். இதையே தண்ணீருக்கு மாற்றினால் என்ன?

அமைப்பு இப்படி. 20 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள பித்தளைக் குழாய். நடுவில் ஓர் அடைப்பு. அடைப்புக்கு முன்னும் பின்னும் சுற்றிலும் எட்டெட்டுத் துளைகள், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர். எட்டுத் துளைகளின் பரப்பையும் கூட்டினால் 100 சதுர மில்லிமீட்டர். குழாயின் உள்வழி 113. எனவே பெரிய நெருக்கடி இல்லை. குழாயின் மேல் மூன்று ஓ ரிங்குகள்: ஒன்று அடைப்புக்கு நேராக, மற்ற இரண்டும் துளைகளுக்கு அப்பால் இரு கோடியிலும். இவற்றின்மேல் உறை. உறையின் உட்புறம் நடுவில் ஒரு பள்ளம் கடைந்திருக்கும். பள்ளம் நடு ஓ ரிங்குக்கு மேலே வரும்போது தண்ணீர் பின்துளைகள் வழியாக வெளியே வந்து, பள்ளத்தின் வழியாக முன்துளைகளுக்குள் புகுந்து ஓடும். உறையை நகர்த்திப் பள்ளம் விலகினால் நடு ஓ ரிங் அடைத்துக்கொள்ளும்.

பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே அளவு என்பதால் தண்ணீர் உறையை முன்னும் பின்னும் சமமாகத் தள்ளும். ஆகவே தொட்டியோ மோட்டாரோ, உறையை நகர்த்தும் வலு ஓ ரிங்கின் உராய்வைப் பொறுத்ததே. உறையின் வெளிவிட்டம் 34 மில்லிமீட்டர் வரும். அதுவே கைப்பிடியாகவும் ஆகிவிடும். மருத்துவர் சொன்ன தடிமனும் கிடைத்துவிடுகிறது.

உறைக்கு நைலான் வைத்திருக்கிறேன். அதைப் பயன்படுத்தலாமா?

---

குழாய்க்கணக்கு

மிகவும் நல்ல அமைப்பு. சமநிலை பற்றிய உங்கள் கணிப்பு சரியே. காற்றுக்குழாய் வால்வில், மூடியதும் முன்பக்கக் காற்றை வெளியேற்ற ஒரு சிறு துளை இருக்கும். அதைத் தண்ணீருக்கு வைக்காதீர்கள், கையெல்லாம் நனையும்.

நைலான் வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சி உப்பும். சில நாளில் உறை குழாயைக் கவ்விக்கொள்ளும். டெல்ரின் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டால் பிளாஸ்டிக் கோல் வாங்குங்கள். பள்ளத்தின் ஓரங்களைக் கூர்மையாக விடாமல் சரிவாகக் கடைந்து மெருகேற்றுங்கள். நடு ஓ ரிங் ஒவ்வொரு முறையும் அந்த ஓரத்தைக் கடந்து செல்வதால், கூர்மை இருந்தால் ஒரே வாரத்தில் சீவிவிடும். மசகுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வண்டிக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸ் சில ரப்பர்களை, குறிப்பாக ஈ.பி.டி.எம். வகையையும் இயற்கை ரப்பரையும், ஊதவைத்துவிடும்.

நண்பர் செங்கோட்டையார் கவனிக்க வேண்டிய ஒன்று. மோட்டாரை நேரடியாக ஓஸில் இணைத்திருந்தால், முனையை மூடும்போது தண்ணீர் போக வழியின்றி மோட்டாருக்குள்ளேயே சுழன்று சூடாகும். அழுத்தம் உச்சத்துக்கு ஏறி, கிளிப் தளர்ந்த இடத்தில் ஓஸ் கழன்றுவிடும். தொட்டிக்குத் திரும்பும் ஒரு கிளைக்குழாயை வால்வோடு வையுங்கள். முக்கால் அங்குல ஓஸ் போட்ட பிறகு மோட்டாரே தேவைப்படாமலும் போகலாம்.

திருகு மரையைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்க் குழாய்கள் பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் தர மரை; முக்கால் அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 14 மரை. அமெரிக்கத் தோட்ட ஓஸ் மரை ஓர் அங்குலத்துக்கு பதினொன்றரை. இணையத்தில் வாங்கும் இணைப்பிகளில் இரண்டும் கலந்து வருகின்றன. இரண்டு சுற்று ஏறி மூன்றாவது சுற்றில் இறுகினால், இழுத்துத் திருகாமல் மரையைச் சோதியுங்கள்.

---

நாகர்கோவில் மாடித்தோட்டம்

வால்வைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். செடிக்குத் தெரிவது பூவாளித் தலை மட்டும்தான். அதைப் பற்றி நான் கற்றதைச் சொல்கிறேன்.

என் முதல் தலையில் ஒரு மில்லிமீட்டர்த் துளைகள் நாற்பதுதான் இருந்தன. தொட்டியில் போட்டிருந்த தென்னைநார்த் துகள் முழுவதும் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வேர் தெரிந்தது. பிறகு நானே எவர்சில்வர் தட்டில் 144 துளைகள் போட்டுக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டர்த் துளை 144 சேர்ந்தால் அரை அங்குலக் குழாயின் உள்வழிப் பரப்புக்கு ஏறத்தாழச் சமம். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டத்தில் நாற்பது துளை வழியே தண்ணீர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாயும். 144 துளை வழியே இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீரின் அளவு அதுவே, விழும் விதம் வேறு. தலையை மேல்நோக்கித் திருப்பிப் பிடித்தால் இன்னும் மென்மையாக, மழைபோல விழும்.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் தலையை எளிதில் கழற்றும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ இரவு முழுவதும் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, ஒரு பக்கமே தண்ணீர் வரும்.

கடை முனைகளில் இருக்கும் எட்டு வகைத் தெளிப்புச் சக்கரத்தைத் தயவுசெய்து வைக்க வேண்டாம். ஆடிக் காற்றில் செங்கோட்டைக் கணவாயில் புகைபோன்ற மெல்லிய தெளிப்பு எந்தப் பைக்குப் போய்ச் சேரும்? இரண்டு தலைகள் போதும்: ஒன்று பூவாளி, ஒன்று திறந்த வாய்.

---

செங்கோட்டை நாற்றங்கால்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை நண்பர் முதல் முனையைச் செய்து, பொள்ளாச்சி வழியாகப் பேருந்துப் பார்சலில் அனுப்பினார். தரையில் முக்கால் அங்குல ஓஸ், கடைசி இரண்டு மீட்டர் அரை அங்குலம், ஒரு முழ நீளக் குழாய், 144 துளைத் தலை. மோட்டார் இல்லாமல், தொட்டித் தண்ணீரில் பத்து லிட்டர் வாளி 38 விநாடியில் நிரம்பியது. பாதி நேரம்! உறையை நகர்த்தத் தராசு காட்டியது 450 கிராம். மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன்; ஏறத்தாழ அதே எண். பிடித்திருக்க வலு ஏதும் வேண்டியதில்லை.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் வேலை செய்து பார்த்தபோது ஒரு பிழை வெளிப்பட்டது. மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகு, அந்த அம்மாள் அரை மணி நேரம் மட்டும் பயன்படுத்திப் பார்த்தார். வரிசையின் முடிவில் ஓஸை இழுத்துக்கொண்டு திரும்பும்போதெல்லாம் தண்ணீர் தானாக நின்றது. சில வேளை நின்ற தண்ணீர் தானாகத் திறந்தது. ஓஸ் பின்னால் இழுக்க, கை முன்னால் இழுக்க, நடுவில் உறை நகர்ந்துவிடுகிறது. கைப்பிடியே வால்வாக இருப்பதன் விளைவு இது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் பிடிக்கிற இடம் வேற, தண்ணிய நிறுத்துற இடம் வேறயா இருக்கணும் ஐயா. பிடி பின்னால அசையாம இருக்கட்டும். முன்னால ஒரு வளையம் இருந்தா, நான் இடது கைப் பெருவிரல் வச்சும் தள்ளுவேன், பை ஓரத்துல இடிச்சும் நிறுத்துவேன்."

நாங்கள் இத்தனை பேர் மூன்று வாரம் கணக்குப் போட்டோம். இது எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொன்னார். உறை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று குழாயைத் திறக்கும் முன் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லையாம். ஒருமுறை முகத்தில் தெறித்திருக்கிறது.

---

கொழிஞ்சாம்பாறை பட்டறை

அவர் சொல்வது முற்றிலும் சரி. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், காற்றுக்குழாயில் இழுப்பு இல்லாததால் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

இரண்டாவது முனையைக் கடையத் தொடங்கிவிட்டேன். பின்பக்கம் 130 மில்லிமீட்டர் நீளத்துக்கு அசையாத பிடி, 34 மில்லிமீட்டர் தடிமன், மேலே ரப்பர் உறை. அதற்கு முன்னால் தனியாக வால்வு வளையம். இரண்டு விளிம்பும் அரை அங்குலம் புடைத்திருக்கும், பையின் ஓரத்திலோ தொடையிலோ இடித்தால் நகரும். முன்னே தள்ளினால் மூடும்படி மாற்றியிருக்கிறேன். முனை கீழே விழுந்தால் வளையம் தரையில் மோதுவது பெரும்பாலும் முன்பக்கமிருந்துதான் என்பதால் இதில் எனக்கு முழு நிறைவு இல்லை, விழுந்தால் திறந்துகொள்ளும். அதனால் மூடிய நிலையில் குழாயில் ஒரு மெல்லிய வரிப்பள்ளமும் வளையத்தில் அதில் விழும் சிறு குண்டும் வைக்கிறேன். அதற்காக நகர்த்தும் வலு 450 கிராமிலிருந்து 600 வரை கூடலாம். மருத்துவர் அம்மா, அது அவருக்கு அதிகமாகுமா?

நிலையைக் காட்ட, வளையம் திறந்திருக்கும்போது மட்டும் வெளியே தெரியும் பகுதியில் சிவப்புப் பூச்சு அடிக்கிறேன். இருட்டில் கையால் தடவித் தெரிந்துகொள்ளவும் அதே இடத்தில் சொரசொரப்பாகக் கடைந்துவிடுகிறேன்.

---

பாலக்காடு இயன்முறை

கை முழுவதையும் கொண்டோ இடித்தோ தள்ளும் வகை என்பதால் 600 கிராம் பெரிதில்லை. கட்டைவிரல் நுனியால் மட்டும் தள்ளும் பழக்கம் வராதபடி, வளையத்தின் அகலத்தை 40 மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். முதல் வாரம் காலையில் மட்டும், இடையிடையே கையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும்.

---

செங்கோட்டை நாற்றங்கால்

ஆறு முனைகள் வேண்டும், ஆனால் முதலில் ஒன்று மட்டும் அனுப்புங்கள் தம்பி. அந்த அம்மாள் இரண்டு வாரம் பயன்படுத்தி, வேறு என்ன மாற்ற வேண்டும் என்று சொன்ன பிறகு மற்ற ஐந்தையும் கடையலாம். டெல்ரின் கோல், ஓ ரிங், கூலி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். படத்தை அளவுகளோடு இங்கேயே பதிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் லேத்தில் செய்துகொள்ளலாம்.